‘மாசம் எவ்வளவு கட்டணும்?’ – நிதிக் கல்வி முகாம்கள் இன்னும் தொடாத கணக்கு

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பல ஊர்களைப் போல இந்தப் பகுதியிலும் ஒரு பக்கம் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி என்று நிலத்தை நம்பிய வருமானம். இன்னொரு பக்கம் டீக்கடை, டிபன் வண்டி, தையல் மெஷின் என்று கையை நம்பிய வருமானம். இப்படிப்பட்ட ஊர்களில் கடன் வாங்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு கட்டணும்?" வட்டி எத்தனை சதவீதம் என்ற கேள்வி அபூர்வம். "மொத்தமா எவ்வளவு கட்டி முடிப்பேன்?" என்பது அதைவிட அபூர்வம்.

அந்த இரண்டாவது, மூன்றாவது கேள்விகளைக் கேட்க வைப்பதற்காகத்தான் அரசும் ரிசர்வ் வங்கியும் பல ஆண்டுகளாக நிதிக் கல்வித் திட்டங்களை நடத்துகின்றன. தேசிய நிதிக் கல்வி மையம் 2019-ல் நடத்திய ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குத்தான் அடிப்படை நிதி அறிவு இருக்கிறது. கிராமங்களில் 24 சதவீதம், பெண்களிடம் 21 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்ததும் ‘மக்களுக்குத் தெரியவில்லை, சொல்லிக் கொடுப்போம்’ என்று முடிவுக்கு வருவது சுலபம். ஆனால் கிராமத்துக் கடனைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால், விஷயம் அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை.

தண்டல்: 1,000 ரூபாயா, 77 சதவீதமா?

சின்னக் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கடன் தினத்தண்டல். பரவலாக இருக்கும் ஒரு முறை இது: 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. அதில் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

பார்வைக்கு ‘பத்தாயிரத்துக்கு ஆயிரம்’, அதாவது 10 சதவீதம் மாதிரி தெரியும். ஆனால் அந்த 9,000 ரூபாய் 100 நாளும் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே கரையத் தொடங்குகிறது. சராசரியாகப் பார்த்தால் கடைக்காரர் கையில் இருப்பது 4,500 ரூபாய் அளவுக்குத்தான். அதை வைத்து முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி சுமார் 77 சதவீதம். இதே 9,000 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வாங்கி, இதே போல 100 நாளில் அடைத்தால் வட்டி 150 ரூபாய்கூட வராது.

அப்படியானால் தண்டல் வாங்குகிறவர் கணக்குத் தெரியாதவரா? அவசரப்பட வேண்டாம். தண்டல்காரர் காலையில் கடைக்கே வருகிறார். தாள் கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை, ‘மேனேஜர் லீவு, நாளைக்கு வாங்க’ என்று சொல்வதில்லை. வங்கிக் கடனுக்கு மூன்று நாள் அலைந்தால் மூன்று நாள் வருமானம் போகும். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். மூன்று நாளைக்கு 1,008 ரூபாய். தண்டல்காரர் பிடித்துக்கொண்ட தொகையும் அதே ஆயிரம்தான்! பஸ் செலவு தனி. கல்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து கீழே இறங்கி வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கசக்கும்.

ஆக, முதல் தடவை தண்டல் வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிக்கல் தொடங்குவது இரண்டாவது, மூன்றாவது சுற்றில். 100 நாள் முடிந்ததும் அடுத்த தண்டல், அது முடிந்ததும் அடுத்தது என்று வருடம் முழுக்கச் சுழற்றினால், அந்தச் சின்ன முதலுக்கு வட்டி மட்டும் 3,650 ரூபாய். மூன்று நாள் அலைச்சலை ஒருமுறை தாங்கிக்கொண்டிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணத்தில் பெரும்பகுதி இது. நிதிக் கல்வி சொல்லித்தர வேண்டிய இடம் இதுதான். ‘கந்துவட்டி வாங்காதீர்கள்’ என்ற போஸ்டர் வாசகம் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

இரண்டு ‘குழு’, ஒரே பெயர்

அடுத்தது குழுக் கடன். இங்கே பெயரிலேயே ஒரு குழப்பம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் 1989-ல் தர்மபுரியில் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் சேலத்துக்கும் அன்றைய தென் ஆற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. இன்றைய கள்ளக்குறிச்சி அப்போது தென் ஆற்காட்டுக்குள் இருந்தது. அதாவது, இந்த மண்ணில் பெண்கள் சேமிப்பு நோட்டு எழுதத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தக் குழுவில் சேமிப்பு உறுப்பினர்களுடையது. அதிலிருந்து உள்கடன் கொடுத்தால் வரும் வட்டி குழுவுக்கே திரும்புகிறது.

தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் சேர்க்கும் குழு வேறு. அங்கே சேமிப்பு கிடையாது. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்ற கூட்டுப் பொறுப்பு மட்டும்தான். வட்டி நிறுவனத்துக்குப் போகிறது. ஆனால் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்: ‘குழு லோன்’. அரசுக் குழுவின் மேல் இருக்கும் நம்பிக்கை, பெயர் ஒன்றாக இருப்பதாலேயே அடுத்த குழுவுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இங்கே வட்டி சொல்லும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. உதாரணத்துக்கு 50,000 ரூபாய், ‘12 சதவீதம் ஃபிளாட்’, 12 மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டி 6,000. மொத்தம் 56,000. "மாசம் நாலாயிரத்து அறுநூத்தி அறுபத்தி ஏழுதான்க்கா, கையெழுத்துப் போடுங்க." அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 50,000-க்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்கு ஏற்பக் கணக்குப் போட்டால் உண்மையான ஆண்டு வட்டி சுமார் 21.5 சதவீதம். இன்சூரன்ஸ், பிராசஸிங் கட்டணம் என்று முன்னாடியே 1,500 ரூபாய் பிடித்துக்கொண்டால் அது 27 சதவீதத்தைத் தாண்டும். இத்தனைக்கும் சொன்ன வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை.

மூன்று வேலை நாள், ஒரு தாள்

இந்தக் கண்கட்டைக் குறைப்பதற்கு ரிசர்வ் வங்கியிடம் நல்ல விதிகள் இருக்கின்றன. ஊருக்குள் வந்து சேராததுதான் குறை.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்கோ சிறு தொழிலுக்கோ தவணைக் கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும் ‘முக்கியத் தகவல் தாள்’ ஒன்றைக் கடன்தாரருக்குக் கட்டாயம் தர வேண்டும். வங்கி வட்டாரத்தில் இதை ‘கேஎஃப்எஸ்’ என்பார்கள். கடன்தாரருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட உண்மையான ஆண்டு வட்டி, அதாவது ‘ஏபிஆர்’, அதில் இருக்க வேண்டும். தாளில் இல்லாத கட்டணத்தைப் பின்னால் கடன்தாரரின் சம்மதம் இல்லாமல் வசூலிக்கக் கூடாது. ஏழு நாளோ அதற்கு மேலோ தவணை உள்ள கடனுக்கு, அந்தத் தாளைப் பார்த்து யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் தர வேண்டும். வீட்டுக்குக் கொண்டு போய்ப் பிள்ளைகளிடம் காட்டி, இன்னொரு இடத்தில் விலை கேட்டு வர அந்த மூன்று நாள் போதும்.

மைக்ரோ ஃபைனான்ஸுக்கு 2022 ஏப்ரலில் இருந்தே தனி விதிகள் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்குத் தரும் பிணையில்லாக் கடன்கள் எல்லாம் இதில் அடங்கும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்குப் போகக் கூடாது. இன்சூரன்ஸ் போன்றவற்றைக் கடன்தாரரின் முழுச் சம்மதம் இல்லாமல் தலையில் கட்டக் கூடாது.

இதில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ரொம்பவே பொருந்துவது, பலருக்கும் தெரியாத ஒரு விதி. கடன்தாரரின் தேவைக்கு ஏற்பத் தவணை இடைவெளியை மாற்றிக்கொள்ள நிறுவனம் வழி வைத்திருக்க வேண்டும். கரும்புக்காரருக்குப் பணம் வருவது ஆலை பட்டுவாடா செய்யும்போது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு அனுப்புகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. மரவள்ளி நிலத்தில் கிடப்பது கிட்டத்தட்ட பத்து மாதம். ஆனால் தவணை வாரத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டுகிறது. வருமானம் வருடத்தில், செலவு வாரத்தில். நடுவில் இருக்கும் பள்ளத்தை அடைக்க இன்னொரு கடன். ஒரு குழுவுக்குக் கட்ட இன்னொரு குழுவில் வாங்குவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. "எனக்கு வாராவாரம் வேண்டாம், மாசாமாசம் வைங்க" என்று கேட்கலாம் என்பதை எந்த முகாமிலாவது சொல்கிறார்களா?

முகாம்களில் என்ன நடக்கிறது?

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி 2017-ல் 80 ஒன்றியங்களில் சோதனையாகத் தொடங்கிய நிதிக் கல்வி மையங்கள் பிறகு நாடு முழுக்க விரிந்தன. சராசரியாக மூன்று ஒன்றியத்துக்கு ஒரு மையம் என்பது திட்டம். கள்ளக்குறிச்சியில் ஒன்பது ஒன்றியங்கள். கணக்குப்படி மூன்று மையங்கள். 2011 கணக்கெடுப்பிலேயே 13 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை இருந்த, கல்வராயன் மலையிலிருந்து திருநாவலூர் வரை விரிந்து கிடக்கும் மாவட்டத்துக்கு இது எவ்வளவு என்று வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

ஆண்டுதோறும் நிதிக் கல்வி வாரம் ஒன்றும் உண்டு. 2024-ல் மாணவர்களையும், 2025-ல் பெண்களையும் மனதில் வைத்து நடந்தது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை நாடெங்கும் கிராம ஊராட்சி தோறும் வங்கி முகாம்கள் நடத்த மத்திய நிதித் துறை ஏற்பாடு செய்தது. பத்து ஆண்டுக்கு முன் தொடங்கிய ஜன்தன் கணக்குகளுக்கு மறுபடியும் கேஒய்சி எடுப்பது, விபத்துக் காப்பீட்டில் சேர்ப்பது ஆகியவை முக்கிய வேலைகள்.

நல்ல காரியங்கள்தான். ஆனால் இவற்றின் வெற்றியை அளக்கும் கோல் பெரும்பாலும் எண்ணிக்கை: எத்தனை முகாம், எத்தனை பேர், எத்தனை புதுக் கணக்கு. முகாமுக்கு வந்தவர் அடுத்த மாதம் கையெழுத்துப் போட்ட கடன் தாளில் என்ன இருந்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சேமிப்பு, காப்பீடு, டிஜிட்டல் பணம் என்று ஐந்து நாள் பாடம் நடத்திவிட்டு வங்கி அதிகாரி கிளம்பிவிடுகிறார். கடன் வாங்கும் நாள் அந்த ஐந்து நாளில் வருவதில்லை. பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் ஜூனில் வரும், ஆஸ்பத்திரி செலவில் வரும், தீபாவளிக்கு முன் வரும்.

காப்பீட்டுக்கும் இது பொருந்தும். வருடத்துக்கு 20 ரூபாய் பிடித்து 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு – இரண்டும் 2015-ல் வந்த திட்டங்கள். சேர்ப்பது சுலபம், பணம் தானாகப் பிடித்துக்கொள்ளப்படும். ஆனால் நெடுஞ்சாலையில் விபத்து நடந்த வீட்டில், இறந்தவர் பெயரில் இப்படி ஒன்று இருந்தது என்று மனைவிக்கோ பிள்ளைக்கோ தெரிந்திருக்க வேண்டுமே. பாஸ்புக்கில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஒரு வரியாகக் கிடக்கும் அதை யார் வாசிப்பது? ஜன்தன் ரூபே கார்டுடன் வரும் விபத்துக் காப்பீட்டுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: விபத்துக்கு முந்தைய 90 நாளில் ஒருமுறையாவது அந்தக் கார்டைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த கார்டுக்கு அது கிடைக்காது.

ஆயிரம் ரூபாய் வந்த நாள்

மக்களுக்குத் தெரியாததுதான் பிரச்சினை என்ற வாதத்துக்கு 2023 செப்டம்பரில் ஒரு நல்ல பதில் கிடைத்தது. அந்த மாதம் 15-ம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் 1,000 ரூபாய் விழுந்தது. சிலருடைய கணக்கில் விழுந்த வேகத்திலேயே கரைந்தது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பழைய அபராதத்தை வங்கிகள் அதிலிருந்து பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அறிக்கை விட்டு, புகார்களுக்கு 1100 என்ற எண்ணையும் அறிவிக்க வேண்டியிருந்தது.

இதில் அந்தப் பெண்களின் நிதி அறிவுக்கு என்ன குறை? குறைந்தபட்ச இருப்பே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது ‘இந்தக் கணக்கு உங்களுக்குப் போதும்’ என்று சொல்ல வேண்டியது கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர். நிதிக் கல்வி என்ற பெயரில் எல்லாப் பொறுப்பையும் கடன்தாரர், வாடிக்கையாளர் தலையில் ஏற்றிவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சொல்லித் தருவதும், சொல்லாமல் பிடிப்பதும் ஒரே கட்டடத்தில் நடந்தால் எதை நம்புவது?

மாநில அரசு இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கவனித்திருக்கிறது. 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கும் புதிய சட்டம் 2025-ல் வந்தது. மிரட்டி வசூலித்தால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது அது. சட்டம் இருப்பது தெரிந்தால்தானே போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவார்கள்.

கடைக்காரருக்கு யார் சொல்வது?

நிதிக் கல்வி முகாம்களில் அதிகம் விடுபடுகிறவர்கள் சின்ன வியாபாரிகள். கடையைப் பூட்டிவிட்டு முகாமுக்கு வர அவர்களால் முடியாது. முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’ கடன் இருப்பதும், குறிப்பிட்ட வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்கு வங்கி பிணை கேட்கக் கூடாது என்பதும், உத்யம் பதிவு முழுக்க இலவசம் என்பதும் தெரியாமல், இடைத்தரகருக்குக் காசு கொடுத்துப் பதிவு செய்கிறவர்கள் உண்டு. தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் நகரங்களை மையமாக வைத்த திட்டம். கிராம ஊராட்சியில் வண்டி தள்ளுகிறவருக்கு அது எளிதில் எட்டுவதில்லை.

கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை அவருக்கு ஒரு வரவு-செலவுச் சான்று. ஆறு மாத யுபிஐ வரவு ஸ்டேட்மென்ட் வங்கியில் கடன் கேட்கும்போது கைகொடுக்கும். ஆனால் 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், பெங்களூரில் ‘கேஷ் மட்டும்’ என்று போர்டு மாட்டத் தொடங்கினார்கள். அந்தப் பயம் தமிழ்நாட்டு வியாபாரியையும் எட்டாமல் இருக்காது. பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை என்ற ஒரு வரி தெரிந்திருந்தால், தினம் 3,000 ரூபாய்க்கு விற்கும் டிபன் கடைக்காரர் அட்டையைக் கிழித்திருக்க மாட்டார். சமைத்த உணவு சேவைக் கணக்கில் வந்து வரம்பு 20 லட்சமாக இருந்தாலும், அவருடைய விற்பனை 11 லட்சத்தைத்தான் தொடும்.

வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ

எலவனாசூர்கோட்டை மாதிரி ஊர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன இளைஞர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அம்மாவோ அண்ணியோ "தம்பி, குழுவுல கையெழுத்துக் கேக்குறாங்க" என்று போன் செய்தால், அந்தத் தாளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். பார்க்க வேண்டியது மூன்று: கையில் வரும் தொகை எவ்வளவு, மொத்தம் கட்டப்போவது எவ்வளவு, ‘ஏபிஆர்’ எத்தனை. தாளே தரவில்லை என்றால் அந்தக் கடனைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம், விவரத்துக்கு 14448. ஆன்லைன் மோசடியில் பணம் போனால் காத்திருக்காமல் 1930.

ஆனால் படித்த பிள்ளை இல்லாத வீட்டுக்கு யார் போட்டோ பார்த்துச் சொல்வது? அங்கேதான் அரசு வர வேண்டும். நிதிக் கல்வி மையத்தின் ஆட்கள் வாரச்சந்தை நாளில் சந்தையிலேயே ஒரு மேசை போட்டு, வருகிறவரின் சொந்தக் கடன் அட்டையை வாங்கிக் கணக்குப் போட்டுக் காட்டலாம். மகளிர் குழுக்களில் நோட்டு எழுதத் தெரிந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘ஏபிஆர்’ கணக்கைப் பழக்கி, ஒரு சிறிய மதிப்பூதியம் தந்தால், ஐந்து நாள் வாரம் 52 வாரமாகும்.

கலெக்டர் தலைமையில் மாவட்ட வங்கியாளர் ஆலோசனைக் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. எத்தனை கோடி கடன் கொடுத்தோம் என்ற அட்டவணை அதில் தவறாமல் இருக்கும். ‘இதில் எத்தனை பேருக்குத் தமிழில் முக்கியத் தகவல் தாள் கொடுத்தோம், எத்தனை விபத்துக் காப்பீட்டு மனுக்கள் வந்தன, எத்தனைக்குப் பணம் போனது’ என்று மூன்று வரிகளை அடுத்த கூட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சியில் சேர்க்கலாம். அதற்குப் புதிய திட்டமோ தனி நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.